சிவப்புச் சட்டைக்காரரின் ஓலைப்பெட்டி

1816-ஆம் ஆண்டு தாமஸ் ஹிக்கி என்ற ஓவியர் ஒரு படைத் தளபதியைப் படமாக வரைந்தார். அறுபதைத் தாண்டிய வெள்ளைக்காரர் ஒருவர், பட்டாளத்துச் சிவப்புக் கோட்டோடு நடுவில் நிற்கிறார். தளபதிகளின் படம் என்றால் பின்னால் பீரங்கிப் புகை இருக்கும், கை வாள் பிடியில் இருக்கும். இந்தப் படத்தில் பக்கத்தில் நிற்பவர்கள் தலைப்பாகை கட்டிய நம் ஊர்க்காரர்கள் மூவர். ஒருவர் கையில் ஓலைச்சுவடி, இன்னொருவர் கையில் தொலைநோக்கி. பின்னணியில் தொலைவில் ஒரு குன்றும், அதன்மேல் கோமடேசுவரர் சிலையும்.

படத்தில் இருப்பவர் காலின் மெக்கன்சி. அதற்கு முந்தைய ஆண்டுதான் இந்தியா முழுமைக்கும் முதல் சர்வேயர் ஜெனரலாகப் பதவி ஏற்றிருந்தார். முப்பத்து மூன்று ஆண்டுகளாகப் பட்டாளத்தில் இருந்தவர்; மைசூர், புதுச்சேரி, கொழும்பு, ஜாவா என்று பல களம் கண்டவர். அத்தனை போர்களுக்கும் நடுவே ஓய்வு கிடைத்த போதெல்லாம் அவர் செய்ததைக் கேட்டால் ஒரே ஆள் இவ்வளவும் செய்தாரா என்று தோன்றும். கணக்குப் போட்டார், நிலம் அளந்தார், கோயில்களையும் கோட்டைகளையும் கோட்டோவியமாக வரைந்தார், காசு சேர்த்தார், கல்வெட்டுகளைப் படியெடுக்க வைத்தார், ஊர் ஊராக ஆள் அனுப்பி ஏடுகளைத் திரட்டினார்.

அவரைப் பற்றிக் கொங்கு நாட்டில் உட்கார்ந்து எழுத ஒரு காரணம் இருக்கிறது. இந்த மண்ணின் பழைய வரலாற்று நூல் ஒன்று நம் கைக்கு வந்து சேர்ந்தது அவருடைய பொழுதுபோக்கு வழியாகத்தான்.

மெக்கன்சி பிறந்தது 1754-ஐ ஒட்டி, ஸ்காட்லாந்துக்கு மேற்கே கடலில் கிடக்கும் லூயிஸ் தீவில், ஸ்டோர்னோவே என்ற துறைமுக ஊரில். அப்பா வியாபாரி. மகன் அங்கேயே சுங்கத் துறையில் வேலை பார்த்தார். அவருக்குக் கணக்கில் பெரிய பித்து. பள்ளிக்கூடத்தில் நம்மைப் பாடுபடுத்திய மடக்கை வாய்ப்பாட்டைக் கண்டுபிடித்தாரே ஜான் நேப்பியர், அவருடைய வழிவந்த நேப்பியர் பிரபு தம் முன்னோரின் வாழ்க்கை வரலாற்றை எழுத விரும்பினார். இந்தியர்களின் பழைய கணக்கு முறைகளைப் பற்றியும் அதற்காகத் தகவல் தேடினார். அந்த வேலையில் துணைக்கு நின்றவர் இளைஞர் மெக்கன்சி. நேப்பியர் இறந்துபோனார், புத்தகம் அப்படியே நின்றது. அதில் முளைத்த இந்திய ஆசை மட்டும் மெக்கன்சியை விடவில்லை. 1783 செப்டம்பரில், ஏறக்குறைய இருபத்தொன்பது வயதில், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் ஆளாகச் சென்னையில் வந்து இறங்கினார்.

வந்தவர் பார்த்த முதல் சண்டை கொங்கில்.

அப்போது ஐதர் அலி இறந்து ஓராண்டு கூட ஆகவில்லை. திப்பு சுல்தான் மேற்குக் கரையில் மங்களூர்க் கோட்டையை முற்றுகையிட்டிருந்தார். அந்தச் சமயம் பார்த்துக் கர்னல் ஃபுல்லர்ட்டனின் கம்பெனிப் படை தெற்கிலிருந்து கொங்குக்குள் நுழைந்தது. தாராபுரம் முன்னமே விழுந்திருந்தது. அடைமழையில் ஆனைமலைக் காட்டை வெட்டி வழி செய்துகொண்டு படை பாலக்காட்டை எட்டியது. நவம்பரில் பாலக்காட்டுக் கோட்டை விழுந்தது. அதே மாதம் கோயமுத்தூரும் விழுந்தது. நாலே மாதத்தில், 1784 மார்ச்சில், மங்களூர் உடன்படிக்கை கையெழுத்தானது. பிடித்த ஊர்களையெல்லாம் திருப்பிக் கொடுத்தார்கள்.

பின்னாளில், 1817-இல், தன் வாழ்க்கையைச் சுருக்கி நண்பர் அலெக்சாண்டர் ஜான்ஸ்டனுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார் மெக்கன்சி. அதில் தம் இந்திய நாட்களைக் கோயமுத்தூர், திண்டுக்கல் சீமைகளில் நடந்த அந்தப் போரிலிருந்துதான் சொல்லத் தொடங்குகிறார். முதல் பதின்மூன்று ஆண்டுகளில் இந்த நாட்டைப் பற்றித் தாம் உருப்படியாக எதையும் அறிந்துகொள்ளவில்லை என்றும் மனம்விட்டு ஒப்புக்கொள்கிறார். ஓரிடத்தில் தங்க முடியாத பட்டாள வாழ்க்கை, கையில் பணமில்லை, மொழியும் தெரியாது. கோவை வழியாக நடந்தும் கோவையை அறியாமல் போனோமே என்ற ஏக்கம் அந்தப் பக்கங்களில் தெரிகிறது.

கொங்கின் தலையெழுத்தும் அப்படித்தான் இருந்தது. மேற்கே பாலக்காட்டுக் கணவாய், வடக்கே கெஜலட்டி, காவேரிபுரம் கணவாய்கள். மைசூரிலிருந்து கீழே இறங்குகிறவனும் கடற்கரையிலிருந்து மேலே ஏறுகிறவனும் இந்தச் சமவெளியைத்தான் மிதித்தாக வேண்டும். 1790 ஜூலையில் ஜெனரல் மெடோஸ் கோவையைப் பிடித்தார். செப்டம்பரில் திப்பு கெஜலட்டி வழியாக இறங்கினார். சத்தியமங்கலத்தில் பவானிக்கரை இரத்தக்கரை ஆனது. மறு ஆண்டு சால்மர்ஸ் என்ற லெப்டினன்ட் கொஞ்சம் ஆட்களை வைத்துக்கொண்டு கோவைக் கோட்டையை மாதக்கணக்கில் காத்தார். நவம்பரில் அதுவும் விழுந்தது. எந்தப் படை வென்றாலும் அது போன பாதையில் சோளக்காடு மிஞ்சாது, வண்டி மாடும் மிஞ்சாது. கெஜலட்டிக்குக் கீழே இருந்த தணாயக்கன் கோட்டை இன்று பவானிசாகர் அணைத் தண்ணீருக்குள் கிடக்கிறது. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது அங்கிருந்த மாதவராயப் பெருமாள் கோயில் தலைகாட்டும். வண்டி பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள்.

ஊர் இப்படி அடிபட்டால் முதலில் போவது ஏடு. பரணில் கிடக்கும் பனையோலைக்குக் கரையான் ஒருபக்கம், கூரைத் தீ மறுபக்கம்.

மெக்கன்சியின் வாழ்க்கை 1796-இல் திரும்பியது. இலங்கைப் போர் முடிந்து வந்தவருக்கு, ஏலூரைச் சேர்ந்த காவலி வெங்கட போரய்யா என்ற இளைஞர் அறிமுகமானார். இருபது வயது, பல மொழி தெரிந்தவர். இந்திய அறிவின் வாசலைத் தமக்குத் திறந்துவிட்டது அந்தப் பிள்ளையோடு ஏற்பட்ட தொடர்புதான் என்று மெக்கன்சி அதே கடிதத்தில் நன்றியோடு எழுதுகிறார். ஆயுள் முழுக்க அவர் எந்த இந்திய மொழியையும் சரளமாகக் கற்கவில்லை. அவர் கண்ணாகவும் காதாகவும் இருந்தவர்கள் போரய்யாவும் அவர் தம்பிகள் லட்சுமய்யா, ராமசாமியும், சமணப் பண்டிதர் தர்மையாவும், இன்னும் பல குமாஸ்தாக்களும்தான்.

1799-இல் சீரங்கப்பட்டணம் விழுந்தது. நிஜாமின் பக்கத்துப் படையில் பொறியாளர்களுக்குத் தலைமை தாங்கி மெக்கன்சி அந்த முற்றுகையில் நின்றார். கொங்கு முழுவதும் கம்பெனி கைக்கு வந்தது. ஜெயித்த நிலத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் அவசரம் கம்பெனிக்கு. 1800-இல் டாக்டர் பிரான்சிஸ் புக்கானன் கொங்கின் ஊர்களில் சுற்றி, பயிர், வாய்க்கால், இரும்பு உலை, மாடு, கூலி என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போனார். மைசூர் முழுவதையும் அளக்கும் பொறுப்பு மெக்கன்சிக்கு வந்தது. சுமார் 40,000 சதுர மைல் நிலம். வேலை பத்தாண்டு நீண்டது. வரி போடவும் படை நடத்தவும் வரைபடம் வேண்டும், அதற்காகவே அரசு சம்பளம் கொடுத்தது. அந்த அளவைக்கு இடையே அரசு கேட்காத ஒன்றைத் தம் சொந்தக் காசில் செய்தார் மெக்கன்சி.

அவர் உதவியாளர்கள் ஊருக்குள் போவார்கள். கணக்கப்பிள்ளையை, கோயில் குருக்களை, பாளையக்காரரை, மடத்துச் சாமியை, வயதானவர்களைப் பார்ப்பார்கள். இந்த ஊர் எப்படி உண்டானது, யார் ஆண்டார்கள், யார் யாருக்கு என்ன மானியம், செப்பேடு இருக்கிறதா, கல்வெட்டு எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். சொன்னதை எழுதி வாங்குவார்கள். அப்படி எழுதி வாங்கியதற்குக் கைபீது என்று பெயர். பாளையக்காரர்களிடம் வம்சாவளி கேட்பார்கள். ஆரம்பத்தில் ஊர்க்காரர்கள் தயங்கினார்கள். மானியப் பட்டயத்தைக் காட்டினால் நிலம் போய்விடுமோ, வரி ஏறுமோ என்ற அச்சம். அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது; கேட்க வந்தவர் கம்பெனியின் ஆள். ஆனால் அதே ஊர்களில்தான் சிலர் பரணிலிருந்து கட்டை இறக்கி, தூசி தட்டி, உட்கார்ந்து படியெடுத்துக்கொள்ளவும் இடம் கொடுத்தார்கள். அவர்கள் பெயர் எந்தப் படத்திலும் இல்லை.

படியெடுப்பது சாமானிய வேலை இல்லை. பழைய ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. குறிலும் நெடிலுமான எ, ஏ, ஒ, ஓ வேறுபாடு கிடையாது. துணைக்காலும் ரகரமும் ஒரே கோடு. 'கொடை' என்று ஒருவர் படிப்பதை இன்னொருவர் 'கோடை' என்று படிக்கலாம். இரண்டும் எழுத்தில் ஒன்றுதான். தானம் கொடுத்ததா வெயில் அடித்ததா என்பதை வரியின் போக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சொற்களுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது. ஓட்டை விழுந்த ஓலையில் இதைச் செய்ய மொழி மட்டும் போதாது, அந்தச் சீமையின் ஊர்ப்பெயரும் சாதிப்பெயரும் நில அளவும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ், தெலுங்கு, கன்னடம், சமஸ்கிருதம், மராத்தி என்று வந்து குவிந்தவற்றை உதவியாளர்கள் வகைபிரித்து ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தார்கள். போரய்யா 1803-லேயே இருபத்தாறு வயதில் இறந்துவிட்டார். அண்ணன் விட்ட இடத்தை லட்சுமய்யா எடுத்துக்கொண்டார்.

1811-இல் மெக்கன்சியை ஜாவாவுக்குப் போருக்கு அனுப்பினார்கள். போர் முடிந்ததும் பிரம்பனன் கோயில்களை அளக்கக் கிளம்பிவிட்டார். ஆந்திரத்து அமராவதித் தூபிக்கு 1798-லேயே ஒருமுறை போய் வந்தவர், 1816-இல் ஆட்களோடு திரும்பிப் போய்ச் சிற்பங்களை வரைய வைத்தார். அந்தச் சிற்பங்களில் பல பின்னால் சிதறியும் அழிந்தும் போயின. படம் இருப்பதால்தான் அவற்றின் உருவம் நமக்குத் தெரிகிறது.

1821 மே 8-ஆம் தேதி கல்கத்தாவுக்கு அருகே அவர் இறந்தார். சொந்த ஊரை விட்டு வந்து முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒருமுறை கூடத் திரும்பிப் போகவில்லை. அவர் விட்டுப்போன சேகரத்தை எச். எச். வில்சன் பட்டியல் போட்டார், 1828-இல் அச்சாயிற்று. நூல்கள் 1,568. ஊர் வரலாற்றுக் குறிப்புகள் 2,070. கல்வெட்டுப் படிகள் 8,076. மொழிபெயர்ப்புகள் 2,159. ஓவியங்கள் 2,630. காசுகள் 6,218. சிலைகள் 106. இதற்கெல்லாம் மெக்கன்சி தம் கையிலிருந்து 15,000 பவுனுக்கு மேல் செலவழித்தார் என்று ஜான்ஸ்டன் பின்னாளில் பாராளுமன்றக் குழுவிடம் சொன்னார். விதவையிடமிருந்து கம்பெனி அதை 10,000 பவுனுக்கு வாங்கியது.

காசுகளின் எண்ணிக்கையைப் பார்க்கும்போது கோவைக்காரர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். அவர் இறந்து இருபத்தோரு ஆண்டுகளுக்குப் பிறகு, 1842-இல், நொய்யல் கரையில் வெள்ளலூரில் ஒரு பானை கிடைத்தது. அதில் 522 ரோமானிய வெள்ளிக் காசுகள் இருந்தன. அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்துக் காசுகள். அவர் படையோடு கோவைக்குள் வந்த நாளிலும் அந்தப் பானை மண்ணுக்குள்தான் இருந்தது.

இனி அந்த நூலுக்கு வருவோம். மெக்கன்சியின் தமிழ் ஏடுகளில் ஒன்றுக்குப் பெயர் 'கொங்குதேச ராசாக்கள்'. கொங்கை ஆண்ட அரசர்களின் வரிசையை உரைநடையில் சொல்கிறது. முதலில் ரட்டர், பிறகு கங்கர், சோழர், போசளர், விஜயநகரத்தார், மைசூர் உடையார் என்று போகிறது. தஞ்சையில் முடிசூடிய சோழன் ஆதித்தன் கொங்குக்கு வந்து வென்று, தலைக்காட்டையும் பிடித்தான் என்ற செய்தி இதில் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நடந்த இந்தக் கொங்கு வெற்றியைப் பற்றி எழுதிய போது நீலகண்ட சாஸ்திரியார் இந்த ஏட்டைச் சான்றாக எடுத்துக்கொண்டார். ஆதித்தன் கொங்கிலிருந்து கொண்டுபோன பொன்னால் தில்லைச் சிற்றம்பலத்தை வேய்ந்தான் என்று நம்பியாண்டார் நம்பி பாடியிருப்பதோடு இது பொருந்துகிறது.

எல்லாவற்றையும் அப்படியே நம்பிவிட முடியாது. முற்பகுதியில் வரும் கங்க அரசர்களின் பட்டியலையும் ஆண்டுகளையும் கல்வெட்டு அறிஞர் ஜே. எஃப். ஃபிளீட் கடுமையாக மறுத்தார். அந்தப் பட்டியலோடு ஒத்துப்போகும் செப்பேடுகள் பலவற்றைப் போலி என்று ஒதுக்கினார். ஏட்டை எழுதியவர் காதில் விழுந்ததையும் கண்ணில் பட்டதையும் சேர்த்து எழுதியிருக்கிறார். ஆனாலும் கொங்கு என்பது சேரனுக்கும் சோழனுக்கும் நடுவே வெறும் வழிப்பாதை அல்ல, தனக்கென்று அரசவரிசை சொல்லிக்கொண்ட நாடு என்ற நினைப்பு இங்கே இருந்திருக்கிறது. அந்த நினைப்பை எழுத்தில் நமக்குக் காட்டும் சாட்சி இந்த ஏடு. அதன் மதிப்பு என் கணக்கில் அங்கேதான் இருக்கிறது.

மெக்கன்சி இறந்தபின் ஏடுகள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒரு பங்கு லண்டனுக்குக் கப்பலேறியது, ஒரு பங்கு கல்கத்தாவில் நின்றது, ஒரு பங்கு சென்னைக்குத் திரும்பியது. கால் நூற்றாண்டு இதே வேலையாக இருந்த லட்சுமய்யா, மீதிப் பணியைத் தாமே தொடர்கிறேன் என்று மனுப் போட்டார். ஒரு இந்தியருக்கு அந்தத் தகுதி இல்லை என்று கல்கத்தா ஆசியக் கழகத்தார் மறுத்துவிட்டார்கள். அந்த ஓலைகளைத் தேடிப் பிடித்து, படித்து, பொருள் சொன்னதே அவரும் அவர் கூட்டாளிகளும்தான். இந்த அநியாயத்தை நினைக்காமல் மெக்கன்சியின் பெருமையைப் பேசக்கூடாது. கடைசித் தம்பி ராமசாமி மட்டும் 1829-இல் தக்காணக் கவிஞர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் நூலாகவே வெளியிட்டார்.

1830-களின் கடைசியில் பாதிரியார் வில்லியம் டெய்லர் சென்னையில் இருந்த கட்டுகளைப் பிரித்தபோது காகிதம் பூச்சி அரித்து, மை வெளுத்துக் கிடந்தது. மோசமானவற்றைப் புதுத் தாளில் படியெடுக்கச் செய்து கட்டடம் போட்டு வைத்தார். அவை பிறகு சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

அங்கிருந்து அந்தக் கொங்கு ஏட்டைக் கொங்குக்கு மீட்டுக் கொடுத்தவர் கோவைகிழார். சி. எம். இராமச்சந்திரஞ் செட்டியார் என்பது இயற்பெயர். தொழில் வக்கீல், கல்வெட்டும் கோயிலும் பழந்தமிழும் ஊர் வரலாறும் அவருடைய ஆசை. பட்டாளக்காரர் பொழுதுபோக்காகச் சேர்த்ததை வக்கீல் பொழுதுபோக்காகப் படித்தார். 'கொங்குதேச ராசாக்கள்' அவர் பதிப்பாசிரியராக இருந்து 1950-இல் அச்சானது. அடுத்து 'கொங்கு நாட்டு வரலாறு' எழுதினார். பாளையக்காரர்களின் வம்சாவளிகளும் அந்தச் சமயத்தில் சுவடிகள் நூலகத்திலிருந்து தொகுதிகளாக வந்தன.

பிற்காலத்தில் ஈரோட்டுப் புலவர் செ. இராசு அதே வேலையைக் கால்நடையாகவும் பஸ்ஸிலும் செய்தார். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டுத் துறையில் இருந்தவர். மடங்கள், பட்டக்காரர் வீடுகள், காணியாளர் குடும்பங்கள் என்று கொங்கு ஊர்களில் சுற்றி ஓலை, செப்பேடு, பட்டயம் எதுவானாலும் படித்துப் பதிப்பித்தார். இரண்டு நூற்றாண்டுக்கு முன் போரய்யாவின் ஆட்கள் கேட்ட அதே கேள்விதான்: உங்கள் வீட்டில் பழைய ஏடு ஏதாவது இருக்கிறதா? இப்போது கேட்டவர் வரி போட வந்தவர் அல்ல என்பதால் பரணுக்கு ஏணி வைக்கத் தயக்கம் குறைவாக இருந்தது.

காங்கேயத்துப் பக்கமோ தாராபுரத்துப் பக்கமோ பழைய வீட்டை இடித்துப் புதுசு கட்டுகிறவர்கள் கவனித்தால் நல்லது. உத்திரத்துக்கும் ஓட்டுக்கும் நடுவே சிவப்புத் துணியில் சுற்றிய கட்டு இருக்கலாம். அவிழ்க்கும்போது ஓலை ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம். வெயிலில் போட வேண்டாம், தண்ணீர் தெளிக்க வேண்டாம். சுவடி நூலகத்துக்கோ பல்கலைக்கழகத்துச் சுவடித் துறைக்கோ தகவல் சொன்னால், அதைப் பிரித்துத் துடைத்து, எலுமிச்சம்புல் எண்ணெய் தடவிப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அதில் மாட்டு வைத்தியம் இருக்கலாம், பாகப்பிரிவினைக் கணக்கு இருக்கலாம், ஏழு தலைமுறைப் பெயர் இருக்கலாம்.